சுட்ட தேதி

1973-இல் நிலக்கரி வேகன் கேட்டு நான் எழுதிய ஆறாவது மனு அது. ‘மூன்று மாதமாக எங்கள் சூளைகள் அணைந்து கிடக்கின்றன’ என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். பீங்கான் உற்பத்தியாளர் சங்கத்துக்குச் செயலாளர் என்றால், பதில் வராத மனுக்களை எழுதுகிறவன் என்று அர்த்தம்.

வேகன் ஒதுக்குகிற ரயில்வே அதிகாரி வருகிற ரயில் தாமதம். விருத்தாசலம் பிளாட்பாரத்தில் நான் நடந்த நடைக்குச் சேத்தியாத்தோப்பே போய்ச் சேர்ந்திருக்கலாம். சங்கத் தலைவர் கொளஞ்சி மட்டும் மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

“அது என்னாங்க?”

“பெரிய மனுசரை வெறுங்கையோட பாக்குறதாங்க? செத்த உக்காருங்க அமீனுதீன்.”

ரயில் வந்தது. பத்து நிமிடம்தான் நிற்கும். அதிகாரி கதவருகில் நின்றே மனுவைப் படித்தார். முகம் இளகியது. கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் கொளஞ்சி பெட்டியை நீட்டினார்.

உள்ளே பளபளவென்று ஒரு டீக்கோப்பை. எங்கள் வழக்கப்படி அதில் அதிகாரியின் பெயரும், சூளையில் சுட்ட தேதியும் நீல எழுத்தில் இருந்தன. போன வாரத் தேதி.

“சூளை அணைஞ்சு மூணு மாசம்னு எழுதியிருக்கீங்க?”

“உங்களுக்காகத்தாங்க பத்த வச்சோம்,” என்றார் கொளஞ்சி பெருமையாக. “ஊர்ல மிச்சமிருந்த கரியெல்லாம் அதுல போயிட்டுதுங்க.”

அதிகாரி மனுவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கோப்பையை வைத்துக்கொண்டார்.