நண்டுக்குப் பதினாலு புள்ளி

எனக்குப் பொறுமை இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நாலு வாரத்துல நாலாயிரத்து ஐந்நூறு நண்டு அடிச்சவன் நான்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். மாசத்துக்கு நாற்பத்திரண்டு லிஃப்ட். கதவு ஓடற பள்ளத்துல அடைச்சிருக்கற குப்பையை எடு, கம்பி வடத்தைப் பாரு, பிரேக்கைப் பாரு, அட்டையில கையெழுத்துப் போடு, அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பு. அடுத்த மாசம் மறுபடி அதே நாற்பத்திரண்டு. எனக்கு அது பிடிக்கும். நடுவுல நின்னு யார் கதையும் கேட்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாலும் அதே புத்திதான். எங்கெங்கேயோ இருக்கறவங்க ஒரே நேரத்துல சேர்ந்து விளையாடற ஆட்டம் அது. அதுல லெவல் ஏற ரெண்டு வழி. ஒண்ணு, ஆட்டத்துக்குள்ள அங்கங்கே நிக்கற பொம்மை ஆளுங்ககிட்ட போய்ப் பேச்சுக் கொடுக்கணும். ஒருத்தன் ஆட்டைத் தொலைச்சிருப்பான், ஒருத்தி விறகு வேணும்பா. செஞ்சு கொடுத்தா புள்ளி வரும். அதுக்குக் குவெஸ்ட்னு பேரு. இன்னொண்ணு, யார்கிட்டயும் வாயே திறக்காம ஒரே இடத்துல நின்னு, வர்றதையெல்லாம் அடிச்சுக்கிட்டே இருக்கறது. அது கிரைண்டிங். எங்க அக்கா அதை அரைச்ச மாவையே அரைக்கறதும்பா. சொல்லிட்டுப் போகட்டும். சதுப்பு நிலத்துல நண்டு ஒண்ணுக்குப் பதினாலு புள்ளி. கேள்வி இல்லை, பதில் இல்லை, அடிச்சா விழும்.

கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சதும் ஒரு லிஃப்டாலதான். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. நான் போய்க் கதவைத் திறந்து கையைப் பிடிச்சு இறக்கிவிட்டேன். இறங்கினதும் நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது. "தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னாங்க. அவங்க அக்கா பொண்ணு ஒருத்தி இருக்காளாம். பரிசோதனைக் கூடத்துல ரத்தம் எடுக்கற வேலையாம். அடுத்த வாரமே ஒரு டீக்கடையில ரெண்டு பேரையும் எதிரெதிரா உட்கார வெச்சாங்க. எங்க அக்காவும் அந்தச் சித்தியும் பக்கத்து மேசையில இருந்துக்கிட்டு எங்களைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

என்ன பேசறதுன்னு தெரியாம நான் அவ கைப்பையைப் பார்த்தேன். அதுல தொங்கின சாவிக்கொத்துல எங்க ஆட்டத்தோட முத்திரை. எனக்கு உயிர் வந்துடுச்சு.

"நீங்களும் விளையாடுவீங்களா? எத்தனாவது லெவல்?"

"இருபத்தாறு."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

சிரிக்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன். முடியல. மூணு வருஷத்துல இருபத்தாறு லெவல்னா நடந்து போறதுக்குப் பதிலா ஊர்ந்து போயிருக்கணும். அவ கோவிச்சுக்கல. "நான் எல்லார்கிட்டயும் பேசிட்டுத்தாங்க போவேன். வேலையிலயும் அப்படித்தான். ஊசி குத்தறதுக்கு முன்னாடி ஆள்கிட்ட ஏதாவது விசாரிப்பேன். அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள ரத்தம் எடுத்து முடிச்சிருப்பேன்"னா. அப்புறம் டம்ளரைக் கீழே வெச்சுட்டு, "ஒரு டீயில ஒரு மனுஷனைத் தெரிஞ்சுக்க முடியாது. இந்த சீசன் முடிய இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. சேர்ந்து விளையாடுவோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு சீசன் மூடறதுக்குள்ள என் பதிலைச் சொல்லிடறேன்"னா.

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடிச்சுப்போச்சு. இதை மறைச்சு என்ன ஆகப்போகுது.

ஆட்டத்துல அவ பேரு சிட்டு. என் பேரு கோடாலி. சீசன்கறது ஆட்டத்துல ஒரு பருவம், அது மூடினா அதோட குவெஸ்ட் எல்லாம் போயிடும். அவ அந்த சீசன் முழுக்க ஒரே ஒரு குவெஸ்டைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. ஒரு தபால்காரர். பையில ஒரே ஒரு லெட்டர் மிச்சம். யாருக்குன்னு அவருக்கே மறந்துபோச்சு. இருபத்துநாலு பேரைப் பார்த்து, அவங்கவங்க சொல்றதைச் செஞ்சு, விவரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும். அதுக்கப்புறம் சதுப்பு நிலத்து வழியா அவரைக் கலங்கரை விளக்கம் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்க்கணும். அங்கே போனாதான் லெட்டர் யாருக்குன்னு தெரியவரும். அதுக்கு நாற்பதாவது லெவல் ஆள் ஒருத்தர் துணைக்கு வந்தாகணும். அந்த லெவல் ஆளைக் கண்டா நண்டுங்க தானா ஒதுங்கிடும்.

நான் அப்போ முப்பத்தேழு. லெவலுக்கு ஆயிரத்தைந்நூறு நண்டு. மூணு லெவல். "நீங்க கதை கேளுங்க, நான் லெவல் ஏத்தறேன். ஆளுக்கு ஒரு வேலை"ன்னு சொல்லிட்டு நேரா சதுப்பு நிலத்துக்குப் போயிட்டேன். தினமும் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் காதுல மாட்டின கருவியில அவ பேசுவா. இன்னைக்குப் படகுக்காரர் என்ன சொன்னார், கடிகாரக்காரர் மகள் ஏன் அழுதா. நான் நண்டு எண்ணிக்கிட்டே "ம்"னு சொல்லுவேன். ஒருநாள் கேட்டா, "நாம ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்துலதான் இருக்கோமா?" நான் அதுக்கும் "ம்"னேன்.

நாலாவது ஞாயிறு நான் நாற்பதைத் தொட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போய் நின்னேன். சதுப்பு நிலத்து வாசல்ல என் திரையில மட்டும் ஒரு பெரிய எழுத்துப் பெட்டி வந்தது. துணைக்கு வர்ற ஆளுக்கு மட்டும்தான் அது தெரியுமாம். "அதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க"ன்னா. அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள என் விரல் அதைத் தள்ளிவிட்டுடுச்சு. ஊறிப்போன பழக்கம். பெட்டி வந்தா தள்ளு. "ஒண்ணுமில்ல, வழக்கமான பேச்சுதான். வாங்க"ன்னேன்.

தபால்காரர் நடுவுல, அவ பின்னாடி, நான் முன்னாடி. நண்டுங்க எல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டுச்சு. சும்மா நடந்திருந்தா போதும். பாதி வழியில ஒரு நண்டு கொஞ்சம் மெதுவா நகர்ந்தது. நான் நினைக்கவே இல்லை, சத்தியமா. கை தானா அடிச்சிருச்சு. பதினாலு புள்ளி.

தபால்காரர் அலறிக்கிட்டுப் பையைத் தூக்கித் தண்ணியில போட்டுட்டு ஓடிப்போயிட்டார். 'வழியில் சண்டையிட்டால் அவர் பயந்து ஓடிவிடுவார் என எச்சரித்திருந்தோம்'னு திரையில வந்தது. அவளோட கதை அந்த சீசனுக்குப் பூட்டிடுச்சு. அவ மூணு மாசமா சேர்த்தது.

அவ கத்தியிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும். திரையில வந்த அந்த வரியை ஒரு தடவை சத்தமா வாசிச்சா. அப்புறம், "உங்களுக்கு நண்டு அடிக்கத் தெரியும். நாலு வாரத்துல உங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க. சித்திகிட்ட நானே பேசிக்கறேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டா.

அக்காகிட்டச் சொன்னேன். "நாலு வரி படிக்க உனக்கு என்னடா கேடு?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. எனக்கு என் மேலயே ஆத்திரம் ஆத்திரமா வந்தது. திங்கட்கிழமை ஒரு கட்டடத்துல, பழுதான லிஃப்டை விட்டுட்டு நல்லா ஓடிக்கிட்டிருந்த லிஃப்டை நிறுத்தி வெச்சு, பதினோரு மாடிக்காரங்ககிட்டயும் திட்டு வாங்கினேன்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் ஒண்ணு உறைச்சது. அவ கணக்குலதான் கதை பூட்டியிருக்கு. நான் அந்தத் தபால்காரர்கிட்ட ஒரு தடவைகூடப் பேசினதில்லை. எனக்கு அது இன்னும் புதுசு. நானே இப்போ நாற்பது, துணைக்கு வேற ஆளும் வேண்டாம். சீசன் மூட ஆறு நாள் இருக்கு. போய் அவர் முன்னாடி நின்னேன். பெட்டி வந்தது. விரலைத் தூக்கித் தொடை மேல வெச்சுக்கிட்டுப் படிச்சேன். சிட்டுக்கு ஒரு வரி செய்தி அனுப்பினேன், முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன்னு. பதில் வரல.

படிக்கறது முதல் நாள் கொடுமையா இருந்தது. படகுக்காரர் நாலு பெட்டி நிறைய பேசினார், அதுல மூணு பெட்டி அவர் முழங்கால் வலி. செவ்வாய்க்கிழமை அதே ஆளைத் தேடிப்போய் முழங்கால் எப்படி இருக்குன்னு பார்த்தேன். எனக்கே சிரிப்பா இருந்தது.

புதன்கிழமை ரொட்டிக்கடைக்காரம்மா. அந்த அம்மா பேசப்பேச எனக்குச் சுருக்குன்னு பட்டது. பழைய பெட்டியைத் திறந்து மறுபடி படிச்சேன். கோபம் தாங்கல. சிட்டுக்குக் குரல் செய்தியே அனுப்பிட்டேன். "இந்த அம்மா புளுகுதுங்க. முதல்ல புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆச்சுன்னுச்சு. இப்போ அடுப்பைக் காட்டி, போன வருஷம் அவர் வாங்கிக் கொடுத்ததுங்குது. அந்தப் பாவப்பட்ட மனுஷன் லெட்டரைத் தூக்கிக்கிட்டு ஊரூரா அலையறார், இது என்னடான்னா எதையோ மறைக்குது. இன்னைக்கு இதை நான் விடப்போறதில்ல."

அரை மணி நேரம் கழிச்சுப் போன் அடிச்சது. எடுத்தா, அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஆட்டத்துல இதை எத்தனை பேர்கிட்ட கேட்டிருப்பேன் தெரியுமா? ஒருத்தரும் கவனிக்கல. அந்த அடுப்பு எனக்கும் இடிச்சது"ன்னா. அப்புறம் அவளே, "வேற என்ன கவனிச்சீங்க?"

அன்னைக்கு எட்டு மணி தாண்டியும் பேசினோம். வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் சிட்டு என் பின்னாடியே வந்தா. அவளால எதையும் செய்ய முடியாது, கூட நடக்கலாம், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு பெட்டியையும் சத்தமா படிப்பேன். ரெண்டு பேரும் தர்க்கம் பண்ணுவோம். கடிகாரக்காரர் மகளை நான் நம்பினேன், அவ நம்பல. சனிக்கிழமை தபால்காரர் தான் ஒரு கோழைன்னு ஒத்துக்கிட்டார். என்னவோ தோணி நானும் சொல்லிட்டேன்: "லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது எனக்கு இன்னும் கால் நடுங்கும். எட்டு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவ சிரிக்கல. "எனக்கு அடுத்தவங்க ரத்தம்னா ஒண்ணுமில்ல. என் விரல்ல ஒரு சொட்டு வந்தா மயங்கிடுவேன். எங்க கூடத்துல யாருக்கும் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க"ன்னா. சொல்ல மாட்டேன்னேன்.

ஞாயிறு நாலரை மணிக்கு இருபத்திரண்டாவது ஆளை முடிச்சேன். இன்னும் ரெண்டு பேர், அப்புறம் சதுப்பு நிலம். அஞ்சு மணிக்கு ரெண்டு விஷயம் முடிவாகணும்: அந்த லெட்டரும் என் தலையெழுத்தும். ஓடினா பிடிச்சிடலாம்னு இருந்தது. அப்போ பார்த்துத் தபால்காரர் வழியில ஒரு கல்லுல உட்கார்ந்து, நண்டுன்னா தனக்கு ஏன் பயம்னு சொல்ல ஆரம்பிச்சார். சின்ன வயசு, தம்பி, ஒரு படகுன்னு நீளமா போச்சு.

"தள்ளிவிடுங்க, தள்ளிவிடுங்க. நான் இதை ஏற்கனவே படிச்சிருக்கேன். நேரம் இல்ல"ன்னா. எனக்கு ஆச்சரியமா போச்சு. சிட்டுவா இப்படிச் சொல்றது?

"நான் படிக்கலையே. இருங்க, அந்த மனுஷன் சொல்லி முடிக்கட்டும். பாதியில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

அவர் சொல்லி முடிக்க நாலு ஐம்பது ஆச்சு. எழுந்து ஓடினோம். இருபத்துமூணாவது ஆள் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவு திறந்தது. திரை வெள்ளையாச்சு. 'இந்த சீசன் நிறைவடைந்தது. விளையாடியமைக்கு நன்றி.'

"மன்னிச்சிருங்க. ரெண்டாவது தடவையும் நானே கெடுத்துட்டேன்"னேன். மணி அஞ்சு ரெண்டு. சொன்ன கெடு தாண்டிப்போச்சு. "உங்க பதில்..."னு இழுத்தேன்.

"அது சித்திகிட்டச் சொல்லிட்டேனே. சரின்னு."

"எப்போ?"

"புதன்கிழமை. ரொட்டிக்காரம்மாவைத் திட்டி அனுப்பினீங்களே, அதை மூணு தடவை கேட்டுட்டுச் சித்திக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன். அப்புறம்தான் உங்களுக்கு."

"நாலு நாளா எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சந்தோஷத்துல விளையாட்டை விட்டுட்டுப் போயிடுவீங்க. எனக்குக் கதை கேட்கணும் போல இருந்தது."

திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவுல சாய்ஞ்சு நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தா. புதன்கிழமை ராத்திரியே அவளுக்குத் தெரியுமாம். நாலு நாளா சோறு போடும்போதெல்லாம் இந்த மூஞ்சியை எப்படி வெச்சுக்கிட்டிருந்தாளோ. எனக்குக் கோபம் வரணும், நியாயமா. சந்தோஷத்துல கை கால் ஓடல. ஆனா வாயில வந்தது இதுதான்:

"அதெல்லாம் சரி, அந்த லெட்டர் யாருக்குங்க?"

"நீங்க சொல்லுங்க. யாருக்குன்னு நினைக்கறீங்க?"

"ரொட்டிக்காரம்மா புருஷனுக்கு. அந்த ஆள் உயிரோடதான் இருக்கான்."

"கிடையவே கிடையாது. தபால்காரரோட தம்பிக்கு."

"தம்பிதான் படகுலயே போயிட்டானே."

"போயிட்டான்னு யார் சொன்னா? தபால்காரர்தானே சொன்னார். அவருக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சே"ன்னா.

அன்னைக்கு ஏழரை மணி வரைக்கும் அதுலயே சண்டை போட்டோம். கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.