ஏழுக்கு மட்டும் ஒரு புள்ளடி

தேர்தலில் யார் வென்றாலும் தோற்றாலும் சஜீவன் மண்ணைக் கவ்வ வேண்டும். ஒரு மாதமாகச் சுபாஜினி சோறு தின்றதும் தூங்கி எழுந்ததும் இந்த நினைப்போடுதான்.

சஜீவன் இலங்கை மலையகத்தின் பதுளையிலிருந்து யூடியூப் சேனல் நடத்துகிறவன். மண் சரிந்தாலும் பஸ் ஓடாவிட்டாலும் ஆசிரியர் நியமனம் வந்தாலும் தேயிலைத் தோட்டத்துச் சனம் முதலில் திறப்பது அவன் சேனலைத்தான். தேர்தல் அறிவித்ததும் கோட் மாட்டிக்கொண்டு கணிப்புச் சொல்ல உட்கார்ந்துவிட்டான். ஏணிச் சின்னத்தில் நிற்கும் புதிய கூட்டணிக்கு மாவட்டத்தில் ஒரே ஓர் ஆசனம் கிடைக்குமாம். அது பதுளை மொத்த வியாபாரி தங்கராஜாவுக்குப் போகுமாம். அதே பட்டியலில் ஏழாம் இலக்கத்தில் நிற்கும் தனலெட்சுமிக்கு ஐயாயிரம் விருப்பு வாக்குகூடத் தேறாதாம். ஒரு பட்டியலில் யாருடைய இலக்கத்துக்கு விருப்பு வாக்கு அதிகமோ அவருக்குத்தான் ஆசனம்.

தனலெட்சுமி மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவனுக்குக் காணி உறுதிப் பத்திரம் வேண்டும், தொழிலாளியைக் கேட்காமல் சம்பளத்தை யாரும் பேசி முடிக்கக் கூடாது என்று பழைய தொழிற்சங்கத் தலைவர்களின் முகத்துக்கு நேரே கேட்டவள். கூட்டணிக்காரர்கள் அவளை ஒப்புக்குத்தான் பட்டியலில் சேர்த்தார்கள். அதே தோட்டத்தில் பிறந்து, லுணுகலையில் போன் கடையில் வேலை செய்யும் சுபாஜினி, முகநூலில் 'தனம் அக்கா படை' என்று ஒரு பக்கம் தொடங்கினாள். மூன்று வாரத்தில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். கூட்டணிப் பெரியவர்கள் அதன் பிறகுதான் தனலெட்சுமியின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகினார்கள்.

அந்த நேரத்தில்தான் சஜீவன் கேமராவோடு தோட்டத்துக்கு வந்தான். கொழுந்தை எடை போட்டுவிட்டு நின்ற சுபாஜினியின் அம்மா பாக்கியலெட்சுமி அவன் கண்ணில் பட்டாள்.

"யாருக்கும்மா ஓட்டு?"

"எங்க தனத்துக்குத்தாங்க."

"தனம் எந்தக் கட்சி? என்ன சின்னம்?"

"அதெல்லாம் தெரியலைங்களே" என்று அம்மா வெகுளியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கும்பல் சிரிக்கும் சத்தத்தை ஒட்டி, 'இதுதான் அந்தப் படை' என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டான் பாவி. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்துவிட்டு, தான் வீடியோவில் நன்றாக விழுந்திருப்பதாகச் சொன்னாள். சுபாஜினி அவன் எண்ணைத் தேடிப் பிடித்துக் குரல் பதிவு அனுப்பினாள்.

"எங்கம்மா சிரிப்ப வித்துத் திங்கிறியா? ரிசல்ட் அன்னைக்கு உன் மூஞ்சில கரி பூசுறேன், பாத்துக்கிட்டே இரு."

அவன் பதில் போடவில்லை. அடுத்த நிகழ்ச்சியில், "ஏணியை எடுத்துட்டா தனலெட்சுமிக்கு அவங்க லயத்துலயே ஓட்டு விழாது" என்றான்.

அப்படியா சங்கதி என்று அன்று மாலையே தன் முகநூல் பக்கத்தில் இருந்த அத்தனை படத்திலிருந்தும் ஏணியை அழித்தாள் சுபாஜினி. ஏழு மட்டும் மிஞ்சியது. சிவப்பில் ஏழு, பச்சையில் ஏழு, கொழுந்துக் கூடையில் ஏழு. தனலெட்சுமி போன் பண்ணிக் கேட்டாள்.

"சின்னம் இல்லாம ஏன் புள்ள போடுற?"

"ஏணியப் போட்டா தங்கராஜா மொதலாளிக்கும் சேத்துல்ல வெளம்பரம். ஏழு போதும்க்கா. யாரால ஓட்டு விழுகுதுன்னு அந்த சஜீவனுக்கும் தெரியட்டும்."

தோட்டம் தோட்டமாக நடந்துகொண்டிருந்த தனலெட்சுமிக்கு அதற்கு மேல் வாதாட நேரமில்லை. ஏழு காட்டுத்தீயாகப் பரவியது. பிள்ளைகள் லயச் சுவரில் கரியால் ஏழு எழுதினார்கள். சுபாஜினி அதையும் படம் பிடித்துப் போட்டாள்.

வாக்களிப்பு நாளன்று அவள் காலையிலேயே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா பக்கத்து லயத்துப் பெண்களோடு போய் ஒரு மணிக்குத்தான் திரும்பினாள். மை பூசிய விரலைக் காட்டியபடி சந்தோஷமாக உட்கார்ந்தாள்.

"அழகா போட்டுட்டேன்டி. கை நடுங்கவே இல்ல. ஏழுக்கு ஒரே புள்ளடி."

"ஏணிக்கு?"

"ஏணிக்கு எதுக்கு? நீ ஏழுன்னுதானே சொன்ன."

முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே பெருக்கல் குறி போலப் புள்ளடி போட வேண்டும். அதன் பிறகுதான் விருப்பு இலக்கம். சின்னத்தை விட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்த வாக்குச் சீட்டு செல்லாது, குப்பை. சுபாஜினி வாசலுக்கு ஓடி, திரும்பி வந்துகொண்டிருந்த பெண்களை நிறுத்திக் கேட்டாள். ஐந்து பேரில் நான்கு பேர் ஏழுக்கு மட்டும் போட்டிருந்தார்கள்.

தனலெட்சுமிக்கு அழைத்தாள். அவள் சிக்னல் இல்லாத ஏதோ மலையில் இருந்தாள். தன் பக்கத்தில், 'முதலில் சின்னம், பிறகு இலக்கம்' என்று எழுதிப் போட்டாள். உடனே இதயங்கள் குவிந்தன. தோஹாவிலிருந்து ஒருவர் 'வெற்றி நமதே' என்றார். கொழும்பு நகைக்கடையில் நிற்கும் பையன்கள் கைதட்டினார்கள். இத்தாலியிலிருந்து ஒரு அக்கா முத்தம் அனுப்பினாள். நாற்பதாயிரம் பேரில் இன்றைக்கு இந்த மலையில் வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

வரிசையில் நிற்கிறவர்களும் வீட்டில் கிளம்பிக்கொண்டிருப்பவர்களும் பார்ப்பது சஜீவனைத்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் ஊவா மாகாணம் முழுக்கப் போகும். அவன் எண் அவளிடம் இருந்தது. எடுத்தாள். ஒரு ரிங் போவதற்குள் துண்டித்தாள்.

இவனிடமா கெஞ்சுவது? இவன் அதைப் பதிவு செய்து, அதன் பின்னாலும் சிரிப்புச் சத்தம் ஒட்டுவான். 'படைத்தலைவியே காலில் விழுந்தாள்' என்று தலைப்புப் போடுவான். அதைவிட நாண்டுகொள்ளலாம். இன்னும் ஒரு பதிவு போட்டாள். இன்னும் இதயங்கள். ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. மனசுக்குள் அவனைத் திட்டத் திட்டப் போனைக் கீழே வைப்பது சுலபமாக இருந்தது. நான்கு மணிக்கு வாக்களிப்பு முடியும். இரண்டே முக்காலுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு அழைத்தாள்.

சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை.

"எந்தெந்தத் தோட்டம்னு தெரியுமா?" என்றான்.

"எங்கயும் அப்படித்தான் இருக்கும்."

"சரி தங்கச்சி, வைங்க."

மூன்று மணிக்கு முன்பே நேரலையில் வந்தான். கோட் இல்லை. "யாருக்கு வேணும்னாலும் போடுங்க, அது உங்க இஷ்டம். ஆனா மொதல்ல சின்னத்துக்குப் புள்ளடி. அத விட்டா உங்க ஓட்டு செல்லாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னான். சுபாஜினியின் பெயரை எடுக்கவே இல்லை. ஆனால் தோட்டத்துச் சனம் மாலைச் சமையலை நினைத்து இரண்டரைக்குள்ளேயே ஓட்டை முடித்துவிடுகிற சனம். பள்ளிக்கூட வரிசையில் அப்போது பத்துப் பேர்கூட இல்லை.

மறுநாள் பகலில் முடிவு வந்தபோது சுபாஜினியும் தனலெட்சுமியும் பதுளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தார்கள். ஏணிக்கு ஒரே ஓர் ஆசனம். தனலெட்சுமிக்குப் பதினெட்டாயிரம் விருப்பு வாக்குகளுக்கு மேல். தங்கராஜாவுக்கு அதைவிட அறுநூற்றுப் பதினொன்று அதிகம். மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகளோ பல ஆயிரம்.

சற்று நேரத்தில் சஜீவன் நேரலையில் வந்தான். "தனலெட்சுமி ஐயாயிரத்தைத் தாண்ட மாட்டாங்கன்னு சொன்னேன். அது தப்பு. நான் தோட்டத்த சரியா பாக்கல. ஒரு அம்மாவ வச்சுச் சிரிச்சதும் தப்பு. மன்னிச்சிருங்க" என்று தலையைக் குனிந்தான். படை கொண்டாடியது. 'கரி பூசியாச்சு' என்று தோஹாக்காரர் எழுதினார். ஒரு மாதமாக அவள் எதைக் கேட்டுத் தவம் கிடந்தாளோ அது அப்படியே, ஒரு சொல் குறையாமல் கையில் வந்து விழுந்தது. அவளுக்கு அந்தப் போனைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. அவன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தனலெட்சுமி அதைப் பார்த்து முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒங்கம்மா ஒரு மணிக்கே சொன்னாங்களாமே."

"ஆமாக்கா."

"அந்தத் தம்பி மூணு மணிக்குத்தானே சொல்லுச்சு."

சுபாஜினி போனைப் பைக்குள் போட்டாள்.

"நடுவுல என்ன புள்ள பண்ணின?"

"அவன்கிட்ட எப்படிக்கா கேக்கிறதுன்னு..."

"எனக்காகக் கேக்கிறதுக்கா?" என்றாள் தனலெட்சுமி. குரலில் கோபம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் எத்தன வாசல்ல நின்னு கேட்டேன் தெரியுமா? காறித் துப்புனவன் வீட்டுலயும் கேட்டேன்."

மடுல்சீமை பஸ் வந்து நின்றது. நாளைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு தனலெட்சுமி ஏறினாள். சுபாஜினி வருவதற்குள் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள்.