உள்ளங்கை ராணி

டிக்கெட் கவுண்டர்காரருக்குப் பகலெல்லாம் கண்ணாடிக் கூண்டு, வீட்டுக்கு வந்தால் குளியலறைக் கண்ணாடி. அதன் முன் நின்று மூன்று மாதமாக அவர் பழகிய வித்தை ஒன்றே ஒன்றுதான். சீட்டுக்கட்டின் முகப்பில் சிவப்பு ராணி இருப்பாள். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் ராணி கைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அடியிலிருந்த கறுப்பு ஏழு பல்லைக் காட்டும். கண்ணாடியில் பார்த்தால் அவருக்கே பிடிபடவில்லை, அவ்வளவு சுத்தம்!

தலைகால் புரியாத சந்தோஷத்தில், கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு எதிரே, பீரோவை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து செய்து காட்டினார்.

"கைக்குள்ள இருக்கு" என்றாள் அவள், மடிப்பதை நிறுத்தாமலே.

"கண்ணாடியில நானே பார்த்தேனே, ஒண்ணும் தெரியலையே!"

"எப்படித் தெரியும்? சீட்டை எடுக்கிறப்போ கண்ணை மூடிக்கிறீங்களே."

பாழாய்ப்போன இமை! மூன்று மாதமாகத் தன்னையே அல்லவா ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் இப்போதுதான் துணியைக் கீழே வைத்தாள்.

"என் தங்கச்சி கல்யாணத்தப்போ, 'ஆபீஸ்ல லீவு கேட்டேன், தரலை'ன்னு சொன்னீங்களே, அப்பவும் இப்படித்தான் மூடினீங்க. எங்கே, இப்போ மூடாம சொல்லுங்க. லீவு கேட்டீங்களா?"

முதுகுக்குப் பின்னால் பீரோ, முன்னால் அவள் முழங்கால். இமைக்காமல் பார்த்தார், கண் எரிந்தது. ராணி இன்னும் உள்ளங்கையில்தான் இருந்தாள், வியர்வையில் ஒட்டிக்கொண்டு.