கூடத்துக் கேமரா

நகைக்கடையில் ஏணி மேல் நின்று கேமரா பொருத்திக்கொண்டிருந்தவனின் செல்போன் அலறியது. ‘கூடத்துக் கேமரா மறைக்கப்பட்டுள்ளது.’

அது அவன் வீட்டுக் கூடம். பக்கத்துக் கட்டடத்தில் திருட்டு நடந்த மறுநாளே அவன் மாட்டிய கேமரா. வீட்டில் மனைவி தனியாக இருந்தாள். கூப்பிட்டால் எடுக்கவில்லை. கையில் ஸ்க்ரூடிரைவரோடு பைக்கில் பறந்தான்.

கதவுக்குப் பின்னால் தடதடவென்று சத்தம். சாவியைத் திருப்பி உள்ளே பாய்ந்தான்.

கேமரா மேல் அவனுடைய சாக்ஸ் தொங்கியது. கீழே, காதைப் பிளக்கும் பாட்டுக்கு, தலைமுடி பறக்க அவள் ஆடிக்கொண்டிருந்தாள்.

“திருடன் எங்கடி?”

“இதோ நிக்கிறாரே, ஸ்க்ரூடிரைவரோட!”

“உசுரே போயிருச்சு! ஆமா, நீ ஆடுவியா?”

“சின்ன வயசுலேருந்து. யாரும் பாக்காதப்ப மட்டும். இத மாட்டினதுலேருந்து ஆடவே இல்ல. நேத்து சோபாவுல கண்ணசந்தா, ‘நல்ல தூக்கமா’ன்னு போன்ல கேக்கிறீங்க. அன்புதான், தெரியுது. ஆனா என் வீட்டுக்கே வேலைக்கு வந்த மாதிரி இருக்குங்க.”

அவனுக்குச் சுருக்கென்றது. எந்த வீட்டுக்குப் போனாலும், ‘கேமரா எதைப் பாக்கணும்?’ என்று கேட்காமல் அவன் ஏணியில் ஏறியதில்லை. சொந்த வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

“சரி, எதைப் பாக்கணும், சொல்லு.”

“வாசல. அங்க யாரு வந்தாலும் பாத்துக்குங்க.”

கேமரா வெளியே இடம் மாறியது. இறங்கியவன், “ஒரே ஒரு தடவ ஆடிக் காட்டேன்,” என்று குழைந்தான்.

“ஆடத்தான் போறேன்,” என்று அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.