அண்ணன் வைத்த விருந்து

மீனம்மாள் அந்தக் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ராஜா காலத்தில் வாத்து சுட வந்த துரைமார் படுத்த கட்டில் என்று சமையல்காரர் அய்யாக்கண்ணு சொன்னதிலிருந்து அதைத் தொடவே அவளுக்குக் கை கூசியது. முந்தானையை விரித்துச் சிமென்டுத் தரையில் படுத்தாள். கண்மாய்த் தண்ணீர் பங்களாவின் பின்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் ஆத்மநாதனும் தூங்கவில்லை. "காலையில இஞ்சினியர எசமான்னு கூப்புடவா, சார்னு கூப்புடவா?" என்றான். அவள் சிரித்தாள். "சாருன்னே சொல்லுங்க. இப்ப யாரு எசமான்?"

சமஸ்தானம் போய் ஒன்பது வருஷமாகியிருந்தது. பங்களா சர்க்கார் வசம் வந்துவிட்டாலும், சுற்றுப்பட்டில் உழுது பிழைக்கிறவர்கள் யாரும் விருந்தாளியாக அதன் படியேறியதில்லை. இவர்களை அங்கே தங்கவைத்தவர் மீனம்மாளின் அண்ணன் பழனிச்சாமி. ரோடு, பாலம் எல்லாம் காண்ட்ராக்ட் எடுப்பவர். எந்த அதிகாரியிடமும் உட்கார்ந்து பேசக்கூடியவர்.

கண்மாயின் கீழமடையை அடைத்துவிட்டு மேற்கே புது மடை கட்டப்போவதாக அந்த வருஷம் ஊரில் பேச்சு எழுந்தது. கீழமடை போனால் நாற்பது வீட்டு வயலுக்குத் தண்ணீர் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆத்மநாதன்தான் மனு எழுதினான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினான். இஞ்சினியர் விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் பழனிச்சாமி வீட்டுக்கே வந்தார்.

"மாப்ள, கும்பல்ல நின்னு கத்துனா எவன் காது குடுத்துக் கேப்பான்? அவரு பங்களாவுலதான் வந்து தங்குறாரு. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே போயி இருங்க. காலையில அவரு காப்பி குடிக்கயில நானே கூட்டிக்கிட்டுப் போயி நிறுத்துறேன். மனுவ அவரு கையில குடுங்க."

ஆத்மநாதன் தயங்கினான். ஊரோடு நிற்பதுதான் சரி என்றான். மீனம்மாள்தான் விடவில்லை. "எங்கண்ணன் நமக்குக் கெடுதல் செய்யுமா?" என்று கேட்டு, அவன் பதில் சொல்வதற்குள் துணியை எடுத்து வைத்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் எங்கும் போய்த் தங்கியதில்லை. ஜீப் வாசலில் வந்து நின்றபோது ஏறாமல் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றாள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நின்றாள்.

மறுநாள் முழுக்கக் காத்திருந்தார்கள். அய்யாக்கண்ணு கோழிக்குழம்பு வைத்தார். பாலைத் தனியாகவும் டீயைத் தனியாகவும் கொண்டுவந்தார். எதில் எதை ஊற்றுவது என்று தெரியாமல் மீனம்மாள் டீயை மட்டும் குடித்தாள். ஆத்மநாதன் மனுப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் பிரம்பு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். எதிர்க்கரையில் ஒருமுறை புழுதி எழுந்து அடங்கியது. மாட்டு வண்டி என்று நினைத்தார்கள்.

அடுத்த நாள் காலை இட்லி வைக்கும்போது மீனம்மாள் கேட்டாள். "இஞ்சினியர் இன்னைக்காச்சும் வந்துருவாரா அண்ணே?"

அய்யாக்கண்ணு கரண்டியோடு நின்றார். "அவரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாருங்களே. ஒங்க ஊர்ல கூட்டம் போட்டு எல்லாம் எழுதி முடிச்சாச்சுன்னு டிரைவர் சொன்னான். இங்கிட்டு வர்றதா ஏற்பாடே இல்லீங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

ஆத்மநாதன் இலையை மூடிவிட்டு எழுந்தான். கை கழுவப் போனவன் நெடுநேரம் திரும்பவில்லை.

பத்து மணிக்குப் பழனிச்சாமி ஜீப்பில் வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் அதை மேசையில் வைத்தார்.

"அண்ணே, எங்க ஊருல என்ன சொன்ன?"

"பொய் ஒண்ணும் சொல்லல ஆத்தா. மறுப்பு இருக்கான்னு கேட்டாரு. மனு எழுதுனவரே பங்களாவுல நம்ம விருந்தாளியா இருக்காருன்னு சொன்னேன். அதுக்கப்பறம் எவனும் வாயத் தொறக்கல."

"தொறக்க மாட்டாங்க. நாங்க ஜீப்புல போனத எல்லாரும் பாத்தாங்க."

"மாப்ள அங்கன இருந்திருந்தா சண்டையாகிப் போலீசு வரைக்கும் போயிருக்கும். ஒனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். மேக்கால நான் வாங்குன நெலத்துல ரெண்டு மா ஒம் பேருக்கு எழுதித் தர்றேன். புது மடைத் தண்ணி அங்க பாயும்."

இதுவரை அவளுக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. "நான் சொன்னா அவரு வந்துருவாருன்னு ஒனக்குத் தெரியும். அதான என்னையும் கூப்புட்ட?"

பழனிச்சாமி கண்மாயைப் பார்த்தபடி நின்றார். "வெயிலேறுது. ஜீப்புல ஏறுங்க" என்றார். ஆத்மநாதன் படியிறங்கி நடக்கத் தொடங்கியிருந்தான்.

கரை வழியே மூன்று மைல். அவன் முன்னால் போனான். அவன் திட்டிவிட்டால் போதும் என்று மீனம்மாளுக்கு இருந்தது. பாதி வழியில் ஒருமுறை மட்டும், திரும்பாமலே, "முள்ளு கெடக்கு, பாத்து வா" என்றான்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் சாவடி மரத்தடியில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். ஆத்மநாதன் அவர்களிடம் போனான். இருவர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்காரச் சொல்லவில்லை. அவன் நின்றபடியே மனுவை வெளியே எடுத்துப் பேசத் தொடங்கினான். என்ன பேசினான் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

மீனம்மாள் வீட்டுக்குப் போகாமல் கீழமடை வாய்க்காலோரம் நடந்தாள். பக்கத்து வயல்காரி செவந்தி இடுப்பை வளைத்துக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"விருந்துச் சாப்பாடெல்லாம் நல்லா இருந்துச்சாக்கா?"

மீனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். சேறு கணுக்கால் வரை ஏறியது. செவந்தி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குனிந்து தன் பாட்டில் பறித்துக்கொண்டு போனாள். மீனம்மாளும் குனிந்தாள். இரண்டு பேரும் ஒரே திசையில் நகர்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் இருந்தது. அந்த இடத்துக் களையை இருவருமே பறிக்கவில்லை.