ரெக்கார்டு பிளேயரின் நாலாவது கால்

தங்கை பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொன்ன அன்றே, பின்னறையைக் காலி செய்துவிடுவதென்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. அதில் ஒன்றைக் கணவனின் பாட்டுச் சாமான்கள் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தன. நெஞ்சு உயர ஸ்பீக்கர் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் இரண்டு, டேப் டெக், ரெக்கார்டு பிளேயர், பிஸ்கட் டின்களில் பாம்புக்குட்டிகள் மாதிரி சுருண்டு கிடக்கும் கேபிள்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழைய போர்வை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு காலத்தில் வேலையிலிருந்து வந்ததும், கையில் இருக்கும் கிரீஸைக் கழுவுவதற்கு முன்பே அந்த அறைக்குள் நுழைகிற ஆள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் போர்வையைப் போட்டு மூடினான். அதோடு சரி. காதுக்குள் இரைகிறது என்றான். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பக் கேட்டால் வள்ளென்று விழுந்தான். அவளும் விட்டுவிட்டாள்.

அறை வேண்டும் என்று சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிரவில்லை.

"வித்துடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். என்கிட்ட ஒண்ணும் கேக்காத." கை கழுவ எழுந்தவன் கதவருகே நின்றான். "அந்த ரெக்கார்டு பிளேயர மட்டும் குப்பையில போட்டுடு. அது ஓடாது."

முதலில் பழைய சாமான் கடைக்காரர் வந்தார். எதையும் தொட்டுப் பார்க்காமலேயே, "மொத்தமா எடுத்துக்கறேம்மா. இதெல்லாம் யானை மாதிரி, கட்டி வைக்க எடம் வேணும்ல," என்று ஒரு விலை சொன்னார். அது கேபிள்களுக்கே காணாது. யானையை நானே மேய்த்துக்கொள்கிறேன் என்று சிரித்தபடி அவரை அனுப்பி வைத்தாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அங்கே வாடிக்கையாக வருகிற, வானொலி நிலையத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்திதான் வழி சொன்னாள். பாட்டுப் பைத்தியங்கள் தங்களுக்குள் வாங்கி விற்க இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள், அங்கே போடுங்கள் என்றாள்.

"ஆனா ஒளிக்காம எழுதணும். கீறல் இருந்தா கீறலையும் சேத்துப் படம் எடுங்க. சீரியல் நம்பரைக் கண்டிப்பா போடுங்க. நம்பரை மறைச்சாலே திருட்டுச் சாமான்னு நினைச்சுடுவாங்க. வர்றவங்க முன்னாடி ஓட்டிக் காட்டுங்க."

சொன்னபடியே செய்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுத்தாள். எந்தக் கேபிள் எதற்கு என்று துண்டுச்சீட்டு ஒட்டினாள். தனியாக விற்றால் ஆள் சீந்தாத ஹெட்ஃபோனை டேப் டெக்கோடு ஜோடி சேர்த்தாள். பத்து நாளில் ஸ்பீக்கர்களை ஒரு நடன ஆசிரியை வந்து அள்ளிக்கொண்டு போனாள். பெரிய ஆம்ப்ளிஃபயரை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், அது பாட ஆரம்பித்த மறுநிமிடமே கண்ணை மூடிக்கொண்டு, "போதும்மா, கட்டிடுங்க," என்று வாங்கிப் போனார். இத்தனை வருடம் இந்தத் தொழிலுக்கு வராமல் போனோமே என்று அவளுக்கே தோன்றியது.

ரெக்கார்டு பிளேயரைக் குப்பைக்கு எடுத்துப் போகும் முன், மிச்சமிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரிலும் ஹெட்ஃபோனிலும் சும்மா ஒருமுறை இணைத்துப் பார்த்தாள். தட்டு சத்தமே இல்லாமல் சுழன்றது. பழைய ரெக்கார்டு ஒன்றைப் போட்டு ஊசியை வைத்தாள். பாடியது. இருந்த சாமான்களிலேயே அதுதான் உசத்தி என்று இணையத்தில் பார்த்ததும் தெரிந்தது. ஓட்டிப் பார்க்காமலேயே ஓடாது என்றிருக்கிறான், மனுஷன். அதையும் படம் எடுத்துப் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது. "அடிப்பக்கம் ஒரு படம் அனுப்புவீங்களா?"

புரட்டினாள். மூன்று கால்கள் கறுப்பு ரப்பர். நாலாவது காலுக்குப் பதிலாக, பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டியிருந்தது. கண்ணில் படாமல் போயிற்று, வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதி, படத்தை அனுப்பினாள். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஒரே வரி. "ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. விலை கேட்காமல் வருகிறவர்களைப் பற்றி வானொலிக்காரி ஒன்றும் சொல்லித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவசர வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனிடம் பெருமையாகச் சொன்னாள். "ரெக்கார்டு பிளேயரும் இன்னைக்குப் போயிடும். பாக்க ஆள் வருது."

காலுறையை மாட்டிக்கொண்டிருந்தவன் கை நின்றது. "குப்பையில போடச் சொன்னேன்ல?"

"அது நல்லா ஓடுதுங்க."

"படம் போட்டியா?"

"நம்பரும் போட்டிருக்கேன்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"நாலு மணிக்கு."

சாப்பிடாமலேயே போய்விட்டான்.

ஆனால் வருவதாகச் சொன்னவள் இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஓட்டிக் காட்டட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். பிளேயருக்கு அடியில் கையை விட்டு, அந்தக் கார்க்கை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதை வெட்டி ஒட்டினது நான்தாங்க," என்றாள். "காலேஜ் படிக்கிறப்போ. மேசையிலேர்ந்து இடிச்சுத் தள்ளினதும் நான்தான். எங்கப்பா ஒரு வாரம் என்னோட பேசல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அப்பா இதை வித்துட்டாரா?"

"விக்கிற ஆள் இல்ல அவர். ஏழாவது மாடியில தனியா இருந்தார். இதய நோயாளி. லிஃப்ட் நின்னு போய் மூணாவது நாள், படியில இறந்து கிடந்தார். நான் ஊர்லேர்ந்து வந்து வீட்டைத் திறந்தா அலமாரியில தூசி நடுவுல சதுரமா ஒரு சுத்தமான எடம். பிளேயர் இல்ல. ரெண்டு வருஷமாத் தேடறேன்."

 எந்தக் கட்டிடம் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கதவு திறந்தது.

கணவன் நின்றிருந்தான். கையில் மடித்த சாக்கு. நாலு மணிக்குள் பிளேயரை எடுத்துப் போய்விடலாம் என்று ஓடி வந்திருக்கிறான். வந்தவள் அவன் சட்டைப்பையின் மேல் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானா?" என்றாள். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"நான் திருடல," என்றான் அவன். "அவரே குடுத்தாரு. லிஃப்ட் நின்ன மறுநாள் போயிருந்தேன். 'என்னால படி இறங்க முடியாதுப்பா, எப்படியாவது இன்னைக்கே ஓட வை'ன்னாரு. நான் இதையே பாத்துட்டு நின்னேன். அதைக் கவனிச்சுட்டு, 'வேணும்னா எடுத்துக்கோ, லிஃப்ட ஓட்டிக் குடு'ன்னாரு."

"என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"அவர் இறந்தது வியாழன்."

"லிஃப்ட்ல சர்க்யூட் போர்டு மாத்த வேண்டியிருந்துச்சு. அது ஆபீஸ்லேர்ந்து வரணும்..."

வார்த்தை இழுபட்டது. அவளுக்கு அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. கணவன் லீவு போட்டுவிட்டு, புதிதாக வந்த பிளேயரோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். அவளும் கடைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தரையில் படுத்துக் கேட்டாள். அதைவிடச் சந்தோஷமான நாள் இந்த வீட்டில் வந்ததில்லை என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

"போர்டு எங்க இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். நீயுமா என்பதுபோல.

"சொல்லுங்க."

"வண்டியிலதான் இருந்துச்சு." சாக்கு கையிலிருந்து நழுவியது. "பிளேயரைத் தூக்கிட்டு ஏழு மாடி இறங்கி வண்டியில வச்சேன். போர்டை எடுத்துட்டுத் திரும்ப ஏழு மாடி ஏறணும். அலுப்பா இருந்துச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வந்துட்டேன். மறுநாள் இதைக் கேட்டுட்டே இருந்துட்டேன். வியாழக்கிழமை போனப்போ கீழ ஆம்புலன்ஸ் நின்னுச்சு."

 பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கூவி அடங்கியது.

"இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க," என்றாள் வந்தவள்.

அவன் மறுக்கவில்லை. அவள்தான் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான். வந்தவள் கைக்குப் போகும் முன் அவள் வாங்கிப் படித்தாள். எழுத்து நேராக, சுத்தமாக இருந்தது.

"போர்டு வண்டியில இருந்ததை எழுதல."

"அது..."

"எழுதுங்க."

அந்த ஒரு வரியை எழுத அவனுக்கு அரைப்பக்கத்துக்கு ஆன நேரத்தைவிட அதிகம் ஆனது.

ஊசி ஆடாமல் இருக்கப் பஞ்சு வைத்து, ஊசி பிடிக்கும் கையைக் கட்டி, பிளேயரை அவளே அட்டைப்பெட்டியில் போட்டு வந்தவளின் காரில் கொண்டுபோய் வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றாள். வந்தவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவன் அதே நாற்காலியில் இருந்தான்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டாள். "இது மாதிரி வந்தது இன்னும் எது எது?"

"டேப் டெக்கு," என்றான். "அப்புறம் பெரிய ஆம்ப்ளிஃபயர். அவங்கல்லாம் நல்லாத்தான் இருப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பஸ் டிரைவருக்குப் போன் போட்டாள். "என்னம்மா, ஏதாச்சும் தப்பா?" என்று அவர் கேட்டார். வைத்துவிட்டாள். தங்கையிடம், இப்போதைக்கு மாமியார் வீட்டிலேயே இரு, அப்புறம் சொல்கிறேன் என்றாள். ஏன் என்று தங்கை அழுதாள். மூன்றாம் நாள் கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். பாதி காலியாகிக் கிடந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். டேப் டெக்கின் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னார்கள் அவனை. அவன் வழக்கம்போல வேலைச்சட்டையை மாட்டிவிட்டான். பாதிப் பொத்தானில் நினைவு வந்து, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே போய் ஒரு நீலச்சட்டை எடுத்து வந்து கொடுத்தாள்.

"எப்ப விடுவீங்க?" என்று கேட்டாள்.

"விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்மா," என்றார் இருவரில் மூத்தவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்று அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.