குளத்தில் பங்கு

சோளத்தை நம்பியிருந்த ஊரில் மழை ஏமாற்றத் தொடங்கிய பிறகு ஆளுக்கொரு வழி தேடினார்கள். ஒருவர் காளான் கொட்டகை போட்டார். இன்னொருவர் தேனீப் பெட்டி வாங்கி வைத்து, முகம் பூசணிக்காய் போல வீங்கியதும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பெரிய சாலையோரம் மீனை உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை எழுந்ததும், சின்னவன் தன் பங்கு நிலத்தில் மீன்குளம் வெட்டுவதென்று முடிவு செய்தான். மனைவியின் நகை மொத்தமும் அதற்குள் இறங்கியது. அவள் தானாகத்தான் கழற்றிக் கொடுத்தாள்.

அவனுக்கு ஒரே ஒரு அண்ணன். அப்பா போனபின் நிலத்தை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். சாலைப் பக்கம் பெரியவனுக்கு, உள்பக்கம் சின்னவனுக்கு.

"அண்ணே, நீயும் வா. ரெண்டு நிலத்தையும் சேர்த்தா பெருசா வெட்டலாம். தொழிற்சாலை வண்டி இங்கயே வந்து எடுத்துக்கும்" என்று சின்னவன் கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

"விளையுற மண்ணைத் தோண்டி அதுல தண்ணிய ரொப்பப் போறியா? உனக்கு யாரோ நல்லா தண்ணி காட்டிருக்காங்கடா" என்றான் பெரியவன்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான். அவனுக்குச் சட்டென்று கோபம் வராது. அவன் மனைவிக்குத்தான் சுருக்கென்றது.

குளம் கைகொடுத்தது. குஞ்சு விடுவது, தீவனம் போடுவது, தண்ணீரின் நிறம் பார்ப்பது எல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கற்றுக்கொண்டார்கள். முதல் பிடிப்புக்குப் பிறகு ஊரில் அவனுக்கு 'மீன்காரன்' என்று பெயர் வந்துவிட்டது. அந்த வருஷம் பெரியவனின் சோளம் கதிர் வைக்கும் முன்பே கருகிப்போனது. அதுவரை கிண்டலாவது செய்துகொண்டிருந்தவன், அதன் பிறகு பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

மீன் அடர்த்தியாக வளர்த்தால் தண்ணீரில் காற்றுக் கலக்கவேண்டும். அதற்குத் தண்ணீரை அடித்துச் சுழலும் சக்கரம் ஒன்றைச் சின்னவன் வாங்கினான். அதற்கு மின்சாரம் வேண்டுமே. சாலையிலிருந்து கம்பி இழுக்க, நடுவில் பெரியவன் நிலத்தில் ஒரு கம்பம் நடவேண்டும் என்றார்கள் மின்சார அலுவலகத்தில். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போய்க் கேட்டார்கள்.

"ஒரே ஒரு கம்பம்ணே. ஓரமா, வரப்பு மேலயே நட்டுக்கிறோம்."

"இன்னிக்கு கம்பம்னு வருவ, நாளைக்கு வண்டி போக வழின்னு வருவ. வேற வேலை இருந்தா பாரு."

"நம்ம தம்பிதானே, குடுங்களேன்" என்று உள்ளேயிருந்து பெரியவன் மனைவி சொன்னாள்.

"நீ வாய மூடு."

திரும்பி வரும்போது சின்னவன், "விடு, அண்ணன் மனசு ஆறட்டும்" என்றான். அப்பா காலத்துப் பழைய மோட்டார் கொட்டகையிலிருந்து அண்ணன் நிலத்தைச் சுற்றி, புல் மேலேயே வயரை இழுத்துக்கொண்டு வந்தான். வயர் போதவில்லை. ஒட்டுப்போட்டு நாடா சுற்றினான். யார் கேட்டாலும் "கொஞ்ச நாளைக்குத்தான்" என்பான்.

அடைமழைக் காலம் வந்தது. வெயிலே இல்லாத ஒரு வாரத்துக்குப் பின், விடிந்தும் விடியாத வேளையில் சக்கரம் நின்றுபோனது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கச் சின்னவன் ஈரப் புல்லில் இறங்கி நடந்தான். மனைவி தீவனக் கொட்டகையில் தீவனம் அளந்துகொண்டிருந்தாள். "அய்யோ, தம்பி!" என்று பெரியவன் அலறியதுதான் அவள் காதில் விழுந்தது.

வயலுக்கு வந்திருந்த பெரியவன்தான் ஓடிப்போய் மோட்டார் கொட்டகையில் மின்சாரத்தை நிறுத்தினான். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடினான். சாலையை எட்டும்போதே தோளில் கிடந்தவனுக்கு உயிர் இல்லை. அது தெரிந்தும் அவன் இறக்கி வைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வீடு நிறைய உறவுகள் இருந்தபோது, காளான்காரர் வாசலில் வந்து நின்றார். "சொல்லக்கூடாத நேரம்தான்... குளத்துல மீனெல்லாம் செத்து மிதக்குது."

"சாகட்டும்!" என்று பெரியவன் கத்தினான். "என் தம்பியத் தின்ன குளம் அது. நாளைக்கே மண்ணள்ளிப் போட்டு மூடுறேன்."

மூலையில் மகளோடு சுருண்டிருந்த சின்னவன் மனைவி எழுந்தாள். பெரியவன் எதிரே நின்று அவள் அதுவரை சத்தமாகப் பேசியதில்லை.

"அதை மூட நீங்க யாரு மாமா? அவரைக் குளம் தின்னல."

பெரியவன் தலை தொங்கிப்போனது. அவள் காளான்காரரிடம் ஜெனரேட்டர் இரவல் கேட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். புருஷனைப் புதைத்த ஈரம் காயும் முன் குளத்துக்குப் போகிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாதி மீன் பிழைத்தது.

பெரியவன் தானாகவே அலுவலகத்துக்குப் போய்ச் சம்மதம் எழுதிக் கொடுத்தான். கம்பத்துக்கான குழியை வேறு யாரையும் தொடவிடாமல் தானே வெட்டினான். அவள் குளக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புது மின்சாரத்தை வாங்கிக்கொண்டாள். அவனோடு பேசவில்லை. பெரியவன் மனைவி பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவாள். அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள்.

அடுத்த பிடிப்பின்போது, கூப்பிடாமலே பெரியவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையின் ஒரு முனையைப் பிடித்தான். வண்டியோடு வந்த தொழிற்சாலை மேலாளர் மீனைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு குளம் இருந்தா வருஷம் பூரா உங்ககிட்டயே எடுத்துக்குவோம். யோசிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பெரியவன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"ஏம்மா... என் நிலத்தையும் சேர்த்துக்கயேன். அவன் அப்பவே கேட்டான். நான்தான்..."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். மகளைப் படிக்க வைக்கவேண்டும். ஒற்றைக் குளத்தை வைத்துக்கொண்டு தனியாக எத்தனை காலம் தாக்குப்பிடிப்பது?

"தொழிலுக்குச் சம்மதம், மாமா. பாதிப் பாதி. பத்திரம் எழுதிக்கலாம். ஆனா ஆறுதல் சொல்றேன்னு மட்டும் வராதீங்க. என்னால தாங்க முடியாது."

"சரிம்மா" என்றான். படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

கோடையில் மண் தோண்டும் இயந்திரம் வந்தது. முதலில், கம்பம் நின்ற இடத்தை விட்டுவிட்டு, வரப்பைத்தான் வழித்தெடுத்தது. நிமிஷத்தில் இரண்டு நிலமும் ஒன்றாகிவிட்டன. சின்னவனின் மகள் ஓடிவந்து, "பெரியப்பா, நம்ம குளம் எவ்ளோ பெருசா வரும்?" என்று கேட்டாள். பெரியவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மண்மேட்டின் மீது உட்கார்ந்துவிட்டான். அவன் முதுகு குலுங்கியது.

சின்னவன் மனைவி அதைப் பார்த்தாள். கிட்டே போகலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். அதோடு நின்றுவிட்டாள். இயந்திரக்காரன் எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கை காட்டிக் கேட்டான். அவள் அவன் பக்கம் போய், கரை எங்கே வரவேண்டும், ஆழம் எவ்வளவு என்று சொல்லத் தொடங்கினாள்.